முதலில் கழற்ற வேண்டிய சீட்டு

பஸ் ஓட்டுகிறவருக்கு வேகத்தின் மேல் ஆசை வந்தால், அதை வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார்? முன்னால் சிக்னல், பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கும் ஜனம். ஒரு அழுத்து அழுத்தினால் போதும், அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, எழுந்ததும் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதனால் நம் டிரைவர் இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஆசையை ஆக்ஸிலேட்டர் பக்கமே போகவிடாமல் அடக்கி வைத்திருந்தார். அவர் பிரேக் போட்டால் மடியில் தூங்கும் குழந்தை கண் விழிக்காது. டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே தாலாட்டு. மற்றவர்கள் பாராட்டாகத்தான் வைத்தார்கள். அவருக்கோ அதைக் கேட்டாலே வயிறு எரியும்.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற ஒரு ஆள் வேண்டுமே. அந்த வேலையை அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஏற்றுக்கொண்டான். சொந்தமாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். எல்லோரும் அவனைக் கிலோ என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவன் மனசுக்குள் எடை போட்டுவிடுவான். காரில் ஒரு சாவிக்கொத்து அதிகமாகத் தொங்கினால்கூட அவனுக்குத் தாங்காது. "எடைதான் மாமா எமன்," என்பான். இதைச் சொல்கிறவன் உட்கார்ந்தால் நாற்காலி ஒரு முனகல் முனகும், அது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிலோ டிரைவரை ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போனான். அங்கே யார் வேண்டுமானாலும் தன் சொந்தக் காரைக் கொண்டுவந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஆசை தீர விரட்டலாம். எதிரே வண்டி வராது. கை நீட்டி யாரும் நிறுத்தமாட்டார்கள். டிரைவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றார். திரும்பி வரும் வழியெல்லாம், "ஸ்டாப்பே இல்ல மாப்ளே," என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

"நாமளும் ஒண்ணு பண்ணலாம் மாமா," என்றான் கிலோ. "பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு பிடிப்போம். ரெண்டு கதவு, பின் சக்கரம் தள்ளுற வண்டி. பெயின்ட் போயிருந்தாலும் பரவாயில்ல, உள்ள கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல. எப்படியும் எல்லாத்தையும் பிடுங்கி எறியத்தான் போறோம். கார்ப்பெட், ஏசி, ரேடியோ எல்லாம் போகும். கவுந்தா ஆளைக் காப்பாத்த உள்ள ஒரு இரும்புக் கூண்டு, நல்ல பிரேக்கு, நல்ல டயரு. அவ்வளவுதான். சேசிஸ், அதான் அடிச்சட்டம், அது மட்டும் நேரா இருக்கணும்."

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, வீட்டில் சொல்வது. டிரைவரின் மனைவி ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். விடிந்தால் போதும், நீட்டிய கைகளில் ஊசி குத்துவதுதான் வேலை. வெறும் வயிற்றில் வரச் சொன்னால் வழியில் ஒரு கட்டு கட்டிவிட்டு, 'பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல' என்று சத்தியம் பண்ணுகிற ஆட்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, பொய் சொல்கிறவர்களை முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் சுற்றி வளைத்துப் பயனில்லை என்று டிரைவர் நேராகச் சொல்லிவிட்டார். சண்டை வரும் என்று பார்த்தால் அவள் சிரித்தாள்.

"வாங்குங்க. ஆனா ஒண்ணு. நானும் பக்கத்துல உட்காந்து வருவேன்."

"சரி," என்றார் டிரைவர்.

இந்தச் 'சரி'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 'இந்த பஸ் ஆஸ்பத்திரி வழியா போகுமா' என்று படியில் நின்று கேட்கிறவர்களுக்கு டிரைவர் தலையாட்டுவார் பாருங்கள், அந்த ரகத்துச் சரி இது. காது கேட்டது, வாய் சொன்னது, மண்டைக்குள் ஒன்றும் போகவில்லை. இருபது வருஷம் முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் பேசுவதைக் காதில் வாங்காமல் இருந்தே பழகிய மனுஷன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் கார் ஒரு உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டருடையது. மஞ்சள் நிறம், பின்னால் ஒரு சாப்பாட்டு மேஜையைத் தூக்கி வைத்த மாதிரி இறக்கை, ஸ்டார்ட் பண்ணினால் தெரு முழுக்க ஜன்னல் திறக்கிற சைலன்சர். கிலோ வண்டிக்கு அடியில் படுத்தான், பானெட்டைத் திறந்தான், சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவு கதவாக ஒட்டிப் பார்த்தான். பின்பக்கச் சக்கரத்துக்கு மேலே காந்தம் ஒட்டாமல் நழுவி விழுந்தது. இடிபட்ட தகட்டைப் பட்டி பூசி மறைத்திருந்தால்தான் அப்படி விழும்.

"இடிச்சிருக்கா?" என்று கேட்டாள் கூடவே வந்திருந்த டிரைவரின் மனைவி.

"ஒரு கீறல்கூட விழுந்ததில்லைங்க," என்றார் மாஸ்டர்.

அவள் கிலோவைப் பார்த்து, "வெறும் வயிறு இல்ல," என்றாள். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் வந்ததற்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று டிரைவர் உட்கார்ந்தார். கிலோ பக்கத்தில் ஏறிக்கொண்டான். அப்புறம் நடந்ததைக் கிலோ இன்றைக்கும் ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் நடித்தே காட்டுகிறான். அந்த மஞ்சள் பிசாசை டிரைவர் முட்டைக் கூடை ஏற்றின வண்டி மாதிரி நகர்த்தினார். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் இன்னும் ஒரு வீட்டு நீளத்துக்கு வண்டி இருக்கிறது என்ற நினைப்பில் அகலமாகப் போய், நிதானமாகத் திரும்பினார்.

"வளைக்கிறது ரைட்டுதான் மாமா, டிராக்குல இப்படித்தான் அகலமா போய் உள்ள வரணும்," என்றான் கிலோ. "ஆனா இவ்வளவு மரியாதையா இல்ல."

அவன் சொல்லி வாயை மூடவில்லை, வண்டி ஓரம் கட்டி நின்றது. நின்ற இடம் பஸ் ஸ்டாப். டிரைவருக்கே தெரியாமல் கால் பிரேக்கை மிதித்திருந்தது. நிழற்குடையில் நின்ற ஒருவர் காரை மேலும் கீழும் பார்த்தார், பின் கதவைத் தேடினார், ரெண்டு கதவு வண்டியில் அது இல்லை என்றதும் குனிந்து, "மார்க்கெட் போகுமா?" என்று கேட்டார். டிரைவர் தலையாட்டிவிட்டார். அந்த ஆள் ஏறுவதற்குள் கிலோ கெஞ்சிக் கூத்தாடி வண்டியைக் கிளப்ப வைத்தான்.

மஞ்சள் கார் வேண்டாம் என்று முடிவாயிற்று. "அடுத்தவன் பண்ணின வேலைக்கு மேல வேலை பண்ணக் கூடாது மாமா. அவன் செஞ்ச தப்பைக் கண்டுபிடிக்கவே நமக்கு ஆயுசு போயிடும்," என்றான் கிலோ.

இரண்டாவது கார் ஒரு பல் டாக்டருடையது. ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து உள்ளே விட்டபோதே செருப்பை வெளியே கழற்றச் சொன்னார். வீட்டுக்குள் போக அல்ல, கார் ஷெட்டுக்குள் போக. உள்ளே கருநீலத்தில் ஒரு கார், மேலே வெள்ளைப் போர்வை. சக்கரத்து ஆணிகளைக்கூடப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து வைத்திருந்தார். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு வானத்தை அண்ணாந்து பார்த்து, "மேகமா இருக்கே," என்றார். மழையில் நனைந்ததே இல்லையாம் அந்தக் கார். வெயிலிலும் காய்ந்ததில்லை. மொத்தத்தில் அது காராகப் பிறந்து காராக வாழவே இல்லை.

டிரைவரின் மனைவிக்கு அது பிடித்துப்போயிற்று. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவில்லை. தோலில் தைத்த சீட்டு, இடுப்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற வளைவு. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒரு பழைய ஏணிதான் மாட்டியிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் வெகுதூரம் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

"இதை வெட்ட எனக்கு மனசு வராது மாமா, பாவம் பிடிக்கும்," என்று கிலோ கிசுகிசுத்தான். கிசுகிசுத்தான் என்று பேருக்குச் சொல்கிறேன். மெக்கானிக் ஷெட்டில் வளர்ந்த தொண்டை அது, தெருக்கோடிக்குக் கேட்கும். "அக்கா உட்காந்திருக்கே, அந்தச் சீட்டே எப்படியும் இருபது கிலோ இருக்கும். முதல்ல அதைத்தானே கழட்டி எறியணும்."

"எந்தச் சீட்டு?" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

கிலோவுக்குத் தான் வாயை விட்டுவிட்டோம் என்று புரிந்தது. புரிந்தும் சும்மா இருந்தானா என்றால் இல்லை. "டிராக் வண்டியில ஓட்டுறவன் சீட்டு மட்டும்தான்க்கா இருக்கும். ஆள் ஏத்திக்க விடுவாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா சீட்டு இருபது, அதுல உட்கார்ற ஆளு ஒரு..." என்று அக்காவை ஏற இறங்கப் பார்த்து எடை போட ஆரம்பித்தான். டிரைவர் அவன் காலை மிதித்தார். செருப்பில்லாத கால், நன்றாகவே வலித்திருக்கும்.

அவள் காரிலிருந்து இறங்கினாள். டாக்டரிடம், "நல்லா வச்சிருக்கீங்க," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தாள்.

வீட்டில் அவள் கத்தியிருந்தால் டிரைவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கத்துகிறவள் இல்லை. சமையலறையில் அலம்பின பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, ஊசி போடப்போகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"நமக்குக் கல்யாணமானதுலேர்ந்து, என் மூஞ்சி தெரியற மாதிரி நீங்க எப்பவாவது வண்டி ஓட்டியிருக்கீங்களா?"

"மூஞ்சியைப் பாத்து ஓட்டினா முட்டிக்க மாட்டோமா?"

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சில பேருக்கு வாய் திறக்கக் கூடாத நேரம் பார்த்துத்தான் வாய் திறக்கும்.

"உங்க பஸ்ல வந்தா முதுகு. ஸ்கூட்டர்ல வந்தா முதுகு," என்றாள் அவள். "உங்க பின்கழுத்துல எத்தனை மச்சம்னு கேளுங்க, தூக்கத்துலகூடச் சொல்லுவேன். மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சாத்தான் ஞாபகம் வருது. பஸ்ல தலைக்கு மேல போர்டு வச்சிருக்காங்க, டிரைவரோட பேசாதேன்னு. சரி, அது சட்டம். வீட்டுலயும் அதை யாருங்க மாட்டினது?"

டிரைவர் ஒரு டம்ளரை எடுத்து, அது ஏற்கனவே துடைத்த டம்ளர், மறுபடியும் துடைத்தார்.

"வாழ்க்கையில முதல்தடவையா பக்கத்துல சீட்டு இருக்கற வண்டி வாங்கறீங்க. அதுல முதல்ல கழட்டறது அந்தச் சீட்டு," என்றாள். அப்போதுதான் அவள் குரல் லேசாக உடைந்தது.

டிரைவருக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றிரவு படுத்தபடி யோசித்தார். கிலோ சொல்கிற இருபது கிலோவா பெரிசு? சீட்டைக் கழற்றக் கிலோ சொன்னபோது அவர் மறுக்காமல் இருந்தது அந்த எடைக்காக அல்ல. உள்ளதைச் சொன்னால் அவருக்குப் பயம். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'ம், பேசுங்க' என்றால், என்னத்தைப் பேசுவது? பகல் முழுக்க வாயை மூடி ஓட்டுகிறவருக்கு வீட்டுக்கு வந்தாலும் வாய் திறப்பதில்லை. சாப்பாடு, விளக்கு அணைப்பு, காஸ் தீர்ந்துபோச்சு, இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. மனைவியோடு பேசத் தெரியாத ஆள் என்பது இத்தனை வருஷம் கழித்து ஒரு காருக்குள் வைத்து அம்பலமாக வேண்டுமா? ஒற்றைச் சீட்டு வண்டி என்றால் அந்தத் தொல்லையே இல்லை. இந்த எண்ணம் தனக்குள் இருந்தது தெரிந்ததும் அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் பேசிப் பழகிப் பார்ப்போம் என்று பஸ்ஸில் ஒரு முயற்சி செய்தார். சிக்னலில் நிற்கும்போது, தன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரிடம் திரும்பி, "இன்னிக்குக் கொஞ்சம் புழுக்கமா இருக்கு இல்ல?" என்றார். அந்த மனிதர் தலைக்கு மேலிருந்த போர்டைக் கையை உயர்த்திக் காட்டினார். டிரைவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் வீட்டில் சாப்பாடு, விளக்கு அணைப்பு என்கிற பேச்சும் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது நாள் கிலோ போன் பண்ணினான். மூச்சு வாங்கியது அவனுக்கு. "மாமா, கிடைச்சிருச்சு. பாத்தா வாந்தி வர்ற மாதிரி இருக்கு. அவ்வளவு அருமையான வண்டி."

"உங்கக்காவும் வருவா," என்றார் டிரைவர்.

"இதுக்கு எதுக்கு மாமா அக்கா? விக்கிறவர் நல்ல மனுஷன்தான்."

"அவ வராம நான் வாங்கமாட்டேன்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். உள்ளே போய்க் கைப்பையை எடுத்து வந்தாள்.

விற்கிறவர் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். பழைய கிடங்குகள் வரிசையாக நிற்கிற பகுதியில், ஒரு பெரிய மைதானத்தை ஒட்டி அவர் இடம். கார் அங்கே ஒரு மரத்தடியில் நின்றது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்து, வெயிலில் வெளுத்து, நாக்கு நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு கதவு நசுங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் நாய் வாடை ஆளைப் பின்னால் தள்ளியது. கூரைத் துணி கிழிந்து தொங்கியது. பக்கத்து சீட்டு இருந்த இடத்தில் சட்டமும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் இருந்தன, அதன் மேல் மடித்துப் போட்ட ஒரு கோணிப்பை. மிச்சத்தை நாய்கள் தின்று தீர்த்துவிட்டன.

கிலோ சந்தோஷத்தில் தரையில் புரளாத குறை. உண்மையில் புரண்டான் என்றே சொல்லலாம், அடியில் படுத்தவன் வெளியே வரவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டித் தட்டி, "துரு இல்ல மாமா, எங்கயும் இல்ல," என்று அங்கிருந்தே செய்தி வாசித்தான். காந்தம் எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டது. சேசிஸ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கெட்டுப்போனதெல்லாம் எப்படியும் பிடுங்கி எறிய வேண்டியது, பிடுங்க முடியாததெல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரு டிராக் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் தேடினாலும் கிடைக்காது.

"இடிச்சிருக்கா?" என்று டிரைவரின் மனைவி கேட்டாள்.

"ஆமாங்க," என்றார் நாய்க்காரர். "அந்தக் கதவு, நான்தான் கேட்டுல இடிச்சேன். டிக்கி மூடி சரியா மூடாது. மழை பெஞ்சா காலடியில தண்ணி நிக்கும். போன வருஷம் ஒரு குட்டி ஸ்டீயரிங்கைக் கடிச்சிருச்சு, பல் தடம் இருக்கும் பாருங்க. அப்புறம் அந்த வாடை போகவே போகாதுங்க, நான் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வழியில சாப்பிட்டேன்னு ஒத்துக்கிட்டு வர்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்," என்று தம்பியிடம் சொன்னாள். மூன்று நாளில் அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

ஓட்டிப் பார்க்கிற நேரம் வந்தது. டிரைவர் உட்கார்ந்தார். கிலோ வழக்கம்போல மறுபக்கத்துக் கதவைத் திறந்து, கோணிப்பையைத் தட்டி, ஒரு காலை உள்ளே வைத்தான்.

"இறங்கு," என்றார் டிரைவர்.

"நான்தானே மாமா சத்தம் கேக்கணும்?"

"நீ எடை ஜாஸ்தி."

கிலோ உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தான். அவனை அவன் வார்த்தையாலேயே யாரும் இதுவரை அடித்ததில்லை. டிரைவர் மனைவியைப் பார்த்தார். "நீ வர்றியா?" என்று கேட்டார்.

அவள் ஸ்பிரிங்குகளையும் கோணிப்பையையும் பார்த்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஸ்பிரிங் ஒன்று கிறீச்சென்றது.

கிலோ ஜன்னலில் தலையை நுழைத்துப் பாடம் எடுத்தான். "நல்லாக் கேட்டுக்கங்க மாமா. ரெண்டாவதுலேர்ந்து மூணாவது போகும்போது கியர்பாக்ஸ் கரகரன்னு சொல்லுதா பாருங்க. பிரேக் போட்டா ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்குதா பாருங்க. வேகம் போனா பின்னாடி உர்ருனு ஒரு சத்தம் வருதா, அது ரொம்ப முக்கியம். காதைத் தீட்டி வச்சுக்கங்க."

"சரி," என்றார் டிரைவர்.

கிடங்குகளுக்கு நடுவே அகலமான தெரு, ஞாயிற்றுக்கிழமையானதால் ஈ காக்கை இல்லை. கார் தாலாட்டாக நகர்ந்தது. அவர் எதிர்பார்த்துப் பயந்ததுபோலவே பேச்சு வரவில்லை. பக்கவாட்டில் அவள் முழங்கையும் கைப்பையும் தெரிந்தன. இவ்வளவு பக்கத்தில் அவளை வைத்துக்கொண்டு ஓட்டியதே இல்லை என்பது ஒருவித வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்லித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அன்றைக்குப் புழுக்கமாக இல்லை.

அவள் திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்னால் ஒரு சாண் இடமும் நாய் முடியும்தான் இருந்தன.

"பாத்துட்டேன்," என்றாள். "பின்னாடி யாரும் நிக்கல."

டிரைவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் கால் தானாக இறங்கியது. இருபது வருஷமாக ஓரங்கட்டப்பட்டிருந்த அந்தக் கால். கார் ஒரு உதறு உதறிப் பாய்ந்தது. கிடங்குச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. கைப்பை மடியிலிருந்து வழுக்கி விழுந்ததை அவள் எடுக்கவில்லை.

"இப்ப பிரேக் போடப்போறேன்," என்றார் டிரைவர். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னார். "பிடிச்சுக்கோ."

"பிடிச்சுக்கிட்டேன்."

"இப்ப வளையப்போறேன். வெளிய போய் உள்ள வரணும். அப்படித்தான் வளைக்கணுமாம்."

"ம்."

"இப்ப நேரா. இங்க மிதிக்கலாம்."

"மிதிங்க," என்றாள் அவள். கொஞ்ச தூரம் போனதும், "அப்புறம்?" என்றாள்.

அப்புறம் என்ன வந்ததோ, அவருக்கே தெரியாது. டிப்போவில் தன்னைத் தாலாட்டு என்று கூப்பிடுவதைச் சொன்னார். அவளுக்கு இத்தனை நாள் அது தெரியாது, விழுந்து விழுந்து சிரித்தாள். மார்க்கெட் போகுமா என்று கேட்டவரைச் சொன்னார். போர்டைக் காட்டிய கண்ணாடிக்காரரைச் சொன்னார், எதற்காக அவரிடம் பேசப் போனார் என்பதையும் சேர்த்தே சொன்னார். அதற்கு அவள் சிரிக்கவில்லை. "என்கிட்டயே பழகியிருக்கலாமே," என்றாள். பிறகு, ஊசியைப் பார்த்ததும் மயங்கி அவள் மேலேயே சாய்ந்த பயில்வானைப் பற்றிச் சொன்னாள். அவர் "அப்புறம்?" என்று கேட்டார். கிடங்குத் தெரு முடிந்த இடத்தில் திரும்ப வேண்டும். திரும்பாமல் இன்னொரு சுற்று போனார். அதற்கப்புறம் அவள், "அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றாள், அந்தப் பக்கமும் போனார்கள். டிரைவர் பாதி கத்திப் பேசிக்கொண்டிருந்தார், இவ்வளவு பேச்சு தனக்குள் எங்கே கிடந்தது என்று அவருக்கே ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

மரத்தடிக்கு அவர்கள் திரும்பியபோது நாய்க்காரர் ரோட்டில் வந்து நின்றிருந்தார். போனவர்கள் போனவர்கள்தான் என்று பாதி முடிவு பண்ணியிருப்பார் போல. கிலோ ஓடி வந்து ஜன்னலைப் பிடித்தான். கையில் தயாராக ஒரு ஸ்பேனர்.

"சொல்லுங்க மாமா. மூணாவது கியர் கரகரன்னுச்சா?"

டிரைவர் யோசித்தார். "தெரியலையே."

"சரி, பிரேக் போட்டா இழுத்துச்சா?"

"கவனிக்கல மாப்ளே."

"பின்னாடி உர்ருனு சத்தம்? அதையாவது கேட்டீங்களா இல்லையா?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் ஸ்பிரிங் சீட்டில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கல," என்றார். "பேசிட்டு இருந்தோம்."

கிலோ அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான். அந்த வீட்டில் எத்தனையோ நாள் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். தட்டுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்டதில்லை.

"ரெண்டு பேருமா?" என்று கேட்டான்.

கிலோ கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். பிறகு அதைப் பின் பையில் செருகிக்கொண்டான்.

"வண்டியோட சத்தத்தைக் கேக்காம எப்படி மாமா வாங்கறது?" என்றான், குரலைக் கொஞ்சம் இறக்கி. "இன்னொரு சுத்து போயிட்டு வாங்க."

"வா, இறங்கி அவனை ஏத்துவோம்," என்று டிரைவர் மனைவியிடம் சொன்னார், நியாயத்துக்காக.

"அவன் எடை ஜாஸ்தி," என்றாள் அவள், கதவைச் சாத்திக்கொண்டு. "நீங்க எடுங்க வண்டியை."